டிஸ்னியே கதி என்று இருந்தவர்கள் யுனிவர்சலுக்கு மாறலாமா?

எங்கள் வீட்டில் ஆர்லாண்டோ என்றால் டிஸ்னி வேர்ல்டுதான். அட்லாண்டாவிலிருந்து ஐ-75 பிடித்து காரிலேயே போய்விடலாம் என்பதால் நீண்ட வார இறுதி வந்தாலே பிள்ளைகள் மிக்கி பேச்சை ஆரம்பித்துவிடுவார்கள், இந்தியாவிலிருந்து அம்மா வந்தால் அவருக்கும் அதுதான், விருந்தாளி வந்தால் அவர்களுக்கும் அதுதான். யுனிவர்சல் ஆர்லாண்டோ என்ற இன்னொரு தீம் பார்க் வளாகம் அங்கிருந்து இருபது, இருபத்தைந்து நிமிட தூரத்தில் இருந்தும் ஏனோ போகத் தோன்றியதில்லை. 2025 மே 22-இல் யுனிவர்சலின் புது பார்க்கான எபிக் யுனிவர்ஸ் திறந்த பிறகு நிலைமை மாறியது. பிள்ளைகள் கேட்டார்கள், நாங்களும் போய்ப் பார்த்தோம். இப்போது தெரிந்தவர்கள் எல்லாரும் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: டிஸ்னியை விட்டுவிட்டு அங்கே போகலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் கடைக்குட்டி 48 அங்குல உயரம் தாண்டியாகிவிட்டது என்றால் ஒரு விடுமுறையை முழுசாக யுனிவர்சலுக்குக் கொடுங்கள். இன்னும் தாண்டவில்லை என்றால் டிஸ்னியிலேயே இருங்கள். ஆனால் டிஸ்னி பயணத்தில் ஒரே ஒரு நாளை மட்டும் வெட்டி எடுத்து "அதையும் பார்த்துவிட்டு வருவோம்" என்று யுனிவர்சலுக்குப் போகாதீர்கள். பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் செய்வது அதைத்தான், திரும்பி வந்து "என்ன இருந்தாலும் டிஸ்னி மாதிரி வராது" என்று சொல்வதும் அதனால்தான்.

டிஸ்னி மீது நமக்கு இருக்கும் பற்றில் பாதி அங்கே நமக்கு எல்லாம் அத்துபடி என்பதால் வருவது. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் ஏழு நாள் முன்னதாக காலை ஏழு மணிக்கு ஆப்பைத் திறந்து வரிசை தாண்டிப் போகும் லைட்னிங் லேன் எடுக்க வேண்டும், வெளியே தங்கினால் மூன்று நாள் முன்னதாகத்தான், எந்த ரைடுக்கு முதலில் ஓட வேண்டும், ஸ்கைலைனர் கேபிள் கார் எந்த ஹோட்டலிலிருந்து எப்காட்டுக்குப் போகும், வாணவேடிக்கைக்கு எங்கே நின்றால் முன்னால் யார் தோளிலும் குழந்தை ஏறி மறைக்காது, இதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். இவ்வளவு பழக்கம் இருக்கும் இடத்தில் பயணம் சுலபமாகத்தான் இருக்கும். புது இடத்துக்கு இந்த அறிவு எதுவும் கூட வராது. அதனால் முதல் நாளிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புது இடம் தோற்றுத்தான் போகும். டிஸ்னி வெக்கேஷன் கிளப் என்ற விடுமுறை அறைத் திட்டத்தில் பாயின்ட் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். வருடா வருடம் பாயின்ட் வந்துகொண்டே இருக்கும்போது வேறு இடத்தில் காசு கொடுத்து அறை எடுக்க மனசு வராது. ஆனால் அந்தப் பாயின்ட்டுகளை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்க வழி இருக்கிறது, அதை ஒரு காரணமாகச் சொல்லி நிற்க வேண்டாம்.

சரி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? முதலில் இடத்தின் அளவு. டிஸ்னி வேர்ல்டு ஏறத்தாழ 25,000 ஏக்கர். 1971-இல் மேஜிக் கிங்டம், 1982-இல் எப்காட், 1989-இல் இப்போது ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்று அழைக்கப்படும் பார்க், 1998-இல் அனிமல் கிங்டம் என்று நான்கும் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. மேஜிக் கிங்டமுக்குக் காரில் போனால் காரை நிறுத்திவிட்டு, பாதுகாப்புச் சோதனை முடித்து, பிறகு மோனோரயிலோ படகோ பிடித்து ஏரியைத் தாண்டினால்தான் வாசலே வரும். முதல் தடவை போகும் குழந்தைக்கு அந்தப் படகில் கோட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருவது பெரிய சந்தோஷம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு வெயில் தாங்காமல் அறைக்குத் திரும்பலாம் என்று நினைத்தால் போய் வரவே பாதி மத்தியானம் போய்விடும்.

யுனிவர்சலின் பழைய வளாகம் கைக்கு அடக்கமானது. 1990-இல் திறந்த யுனிவர்சல் ஸ்டுடியோஸ், 1999-இல் திறந்த ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர், இரண்டின் வாசல்களும் சில நிமிட நடைதான். இரண்டுக்கும் நடுவில் சிட்டிவாக் என்ற கடைத்தெரு. ராயல் பசிபிக் ஹோட்டலிலிருந்து தோட்டத்துப் பாதையில் நடந்தால் பத்து நிமிடத்தில் பார்க் வாசல், நடக்க முடியாதவர்களுக்கு ஹோட்டல் வாசலிலிருந்தே சின்னப் படகு. அம்மா மதியம் சாப்பிட்டதும் "நான் கொஞ்ச நேரம் கட்டையைச் சாய்க்கிறேன்" என்றார். படகில் ஏற்றி அறையில் விட்டுவிட்டு நான் திரும்பி வந்தபோது பிள்ளைகள் அதே ஐஸ்கிரீமைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் அவரே படகு பிடித்துத் தனியாக வந்து சேர்ந்தார். டிஸ்னியில் அம்மாவைத் தனியாகப் பேருந்தில் ஏற்றிவிட எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. ஃப்ளோரிடாவில் கோடையில் மத்தியானம் ஆனால் இடி மின்னலோடு மழை வரும், வந்தால் வெளிப்புற ரைடுகளை இரண்டு இடத்திலும் நிறுத்திவிடுவார்கள். அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை அறையில் கழிக்க முடிகிறதா, இல்லை ஏதோ ஒரு கடை வாசலில் நனைந்துகொண்டு நிற்க வேண்டுமா என்பதில் அன்றைய நாளே மாறிவிடும்.

அடுத்தது வரிசை. பணக் கணக்கு இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். டிஸ்னியில் லைட்னிங் லேன் என்பது நேரம் குறித்துக்கொண்டு போகும் முறை. மல்டி பாஸ் வாங்கினால் முன்கூட்டியே மூன்று ரைடுகளுக்கு நேரம் எடுக்கலாம், பிறகு ஒன்றைப் பயன்படுத்தியதும் அடுத்ததை எடுக்கலாம். ஃப்ளைட் ஆஃப் பேசேஜ் போன்ற சிலவற்றுக்கு அதுவும் செல்லாது, தனியாகக் காசு கட்ட வேண்டும். நாள் முழுக்க கையில் போனும் அதில் ஒரு கண்ணுமாகத்தான் அலைய வேண்டியிருக்கும். யுனிவர்சலின் எக்ஸ்பிரஸ் அப்படி இல்லை. நேரமே குறிக்க வேண்டாம், அதற்கென்று இருக்கும் தனி வரிசையில் போய் நின்றால் போதும். அன்லிமிடெட் வகை என்றால் ஒரே ரைடில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம்.

தனியாக வாங்கினால் எக்ஸ்பிரஸ் விலை கூடுதல்தான். தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ் வாரங்களில் நுழைவுச் சீட்டையே தாண்டிவிடும். ஆனால் போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் என்ற மூன்று பிரீமியர் ஹோட்டல்களில் எதில் தங்கினாலும் அறையில் உள்ள எல்லாருக்கும் எக்ஸ்பிரஸ் அன்லிமிடெட் இலவசம், அதுவும் அறை எடுக்கும் நாளிலிருந்து காலி செய்யும் நாள் வரை. அதாவது ஒரு ராத்திரி தங்கினால் இரண்டு முழு நாள். நான்கு பேருக்கு இரண்டு நாள் எக்ஸ்பிரஸ் என்ன விலை என்று போட்டுப் பார்த்துவிட்டு அந்த ஹோட்டலின் ஒரு இரவு வாடகையைப் பாருங்கள். நெரிசல் காலத்தில் பெரும்பாலும் அறையே லாபம். டிஸ்னியில் எவ்வளவு பெரிய ஹோட்டலில் தங்கினாலும் இப்படி எல்லாருக்கும் இலவசமாக வரிசை தாண்டும் வசதி கிடையாது. அரைமணி நேரம் முன்னதாக உள்ளே விடுவார்கள், டீலக்ஸ் ஹோட்டல் என்றால் சில இரவுகளில் கூடுதல் நேரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஒரு நாள் மட்டும் போகாதீர்கள் என்று நான் சொன்னதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். டிஸ்னி ஹோட்டலில் அறை வைத்துக்கொண்டு, காலையில் காரில் கிளம்பி, பார்க்கிங்குக்குத் தனியாகக் கட்டி, எக்ஸ்பிரஸ் இல்லாமல், விடுமுறைக் கூட்டத்தில் ஹேக்ரிட், வெலோசிகோஸ்டர் என்ற இரண்டு ரோலர்கோஸ்டர்களுக்கும் மணிக்கணக்கில் நின்றால் யுனிவர்சலின் நல்லது எதுவுமே உங்கள் கையில் வந்து சேராது. இரண்டு பார்க்குக்கும் ஒரே நாளில் போகும் டிக்கெட் வேறு விலை அதிகம். அது இல்லாவிட்டால் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயிலிலும் ஏற முடியாது, ஏனென்றால் அந்த ரயில் ஒரு பார்க்கிலிருந்து மற்றதற்குப் போகிறது. ஹாரி பாட்டர் பைத்தியமாக இருக்கும் பிள்ளையை அந்த ரயில் நிலையம் வரை கூட்டிப்போய் டிக்கெட் இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் அன்றைய நாள் அவ்வளவுதான்.

உயரம். டிஸ்னியிலிருந்து வருபவர்கள் அசட்டையாக விடுவது இதைத்தான். டிஸ்னியில் பீட்டர் பான், டம்போ, ஹான்டட் மேன்ஷன், ஸ்மால் வேர்ல்டு என்று கைக்குழந்தை முதல் தாத்தா வரை எல்லாரும் சேர்ந்து உட்காரும் ரைடுகள் ஏராளம். செவன் டுவார்ஃப்ஸ் கோஸ்டருக்கே 38 அங்குலம் போதும், ஸ்பேஸ் மவுன்டனுக்கு 44. யுனிவர்சலில் கிரிங்காட்ஸுக்கு 42, ஹேக்ரிட் கோஸ்டருக்கும் ஹாக்வார்ட்ஸ் கோட்டைக்குள் இருக்கும் ஃபர்பிடன் ஜர்னிக்கும் 48, வெலோசிகோஸ்டருக்கு 51, ஹல்க்குக்கு 54. எங்கள் சின்னவள் வெலோசிகோஸ்டர் வாசலில் அளவுகோலுக்குக் கீழே முதுகை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, மூச்சைப் பிடித்து நின்றாள். அங்கிருந்த பெண் கோலைத் தலைக்கு மேல் கொண்டுவந்து, குனிந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம்தான் செல்லம், அடுத்த வருஷம் வா" என்கிற மாதிரி ஏதோ அன்பாகச் சொன்னார். அன்பாகச் சொன்னாலும் குழந்தையின் முகம் விழுந்துவிட்டது. அண்ணன் ஏறிப் போவதைக் கீழே நின்று பார்ப்பது எட்டு வயதுக்குச் சின்ன விஷயம் இல்லை. சூஸ் லேண்டிங், 2024-இல் திறந்த ட்ரீம்வொர்க்ஸ் லேண்ட் என்று சின்னவர்களுக்கு இடம் உண்டு. ஆனால் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டு நாள் தாங்கும் அளவுக்கு இல்லை. பெற்றோர் ஒருவர் மாற்றி ஒருவர் ஏற இரண்டு இடத்திலும் ஏற்பாடு உண்டு. யுனிவர்சலில் பல ரைடுகளில் இதற்கென்றே உட்கார அறை வைத்திருக்கிறார்கள், அது நல்ல வசதி.

உடம்பு கொஞ்சம் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: யுனிவர்சலின் பல ரைடுகளில் தோள்பட்டையையோ இடுப்பையோ இறுக்கும் பூட்டு இருக்கிறது. வாசலிலேயே உட்கார்ந்து பார்க்க மாதிரி இருக்கை வைத்திருப்பார்கள். வரிசையில் நின்று மேலே போய்ச் சங்கடப்படுவதைவிட அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது, யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

வயதானவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் நான் தயங்காமல் டிஸ்னி பக்கம்தான். யுனிவர்சலில் பல ரைடுகள் திரைக்கு முன்னால் வண்டியை ஆட்டி, சுழற்றி, குலுக்குகிறவை. இரண்டு ஏறியதும் அம்மாவுக்குத் தலை சுற்றல், அப்புறம் ஹாரி பாட்டர் தெருவும் ரயிலும் படகும்தான் அவருக்கு யுனிவர்சல். எப்காட்டில் லிவிங் வித் தி லேண்ட் என்று ஒரு படகுச் சவாரி, பசுமைக் கூடங்களுக்குள் மெதுவாகப் போகும். அதில் தொங்கும் பூசணியையும் தக்காளிக் கொடியையும் பார்த்துக்கொண்டே வந்தவர் பலாப்பழத்தைக் கண்டதும் பக்கத்து வரிசை வெள்ளைக்காரப் பாட்டியின் தோளைத் தட்டிக் காட்டினார். அனிமல் கிங்டம் சஃபாரியும் அப்படித்தான், ஒட்டகச்சிவிங்கி வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றுவிட்டால் டிரைவரும் காத்திருப்பார். இந்த மாதிரி மெதுவான, அழகான விஷயங்கள் யுனிவர்சலில் குறைவு.

ஆனால் பதின்வயதுப் பிள்ளைக்கு டயகன் ஆலி என்ற ஹாரி பாட்டர் தெருவைக் காட்டிவிட்டு டிஸ்னியோடு ஒப்பிடச் சொன்னால் அவன் பதில் என்னவென்று எனக்குத் தெரியும். 2014-இல் திறந்த அந்தத் தெருவுக்கு வெளியே பெரிய பலகை எதுவும் இல்லை. லண்டன் கட்டட முகப்புகளுக்கு நடுவே ஒரு செங்கல் சுவர் இடுக்கு வழியாகத் திரும்ப வேண்டும், திரும்பியதும் தெரு முழுக்க விரியும், வங்கிக் கட்டடத்து உச்சியில் வெள்ளை டிராகன் உட்கார்ந்திருக்கும். அது நெருப்பைக் கக்கும்போது கீழே நிற்கிறவர்கள் முகத்தில் சூடு அடிக்கும். மந்திரக்கோல் வாங்கிய பிள்ளைகள் கடை ஜன்னல்களுக்கு முன்னால் நின்று ஆட்டுவார்கள், சரியாக ஆட்டினால் உள்ளே பொருள் அசையும். எங்கள் பெரியவன் ஒரு ஜன்னல் முன்னால் நின்றுகொண்டு நகரவே மாட்டேன் என்றான், அவனுக்குப் பின்னால் நின்ற அறிமுகமே இல்லாத சிறுமி மணிக்கட்டை எப்படித் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். ரைடு எதுவும் ஏறாமலே அங்கே அரைநாள் போனது. மேஜிக் கிங்டமின் மெயின் ஸ்ட்ரீட்டை எவ்வளவோ நேசிக்கிறேன், ஆனாலும் ஒரு கற்பனை உலகத்துக்குள் வந்து நிற்கிறோம் என்ற உணர்வு இந்தச் சந்தில்தான் எனக்கு அதிகம்.

எபிக் யுனிவர்ஸை மட்டும் தனியாக யோசியுங்கள். அது பழைய வளாகத்தில் இல்லை, சில மைல் தள்ளி இருக்கிறது, ஷட்டில் பேருந்தில் போக வேண்டும். நடுவில் செலஸ்டியல் பார்க், அதைச் சுற்றி சூப்பர் நின்டென்டோ வேர்ல்டு, டார்க் யுனிவர்ஸ், டிராகன்களின் ஐல் ஆஃப் பெர்க், ஹாரி பாட்டரின் மந்திர அமைச்சகம். முக்கியமாக ஒன்று: பிரீமியர் ஹோட்டல்களின் இலவச எக்ஸ்பிரஸ் இங்கே செல்லாது. பார்க்கை ஒட்டியே கட்டியிருக்கும் ஹீலியோஸ் கிராண்ட் ஹோட்டலில் தங்கினால் தனி வாசல் உண்டு, ஆனால் அங்கேயும் எக்ஸ்பிரஸ் இலவசம் இல்லை. புது பார்க் என்பதால் மரங்கள் இன்னும் வளரவில்லை, நிழல் போதாது, தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் போகாதீர்கள். மரியோ கார்ட் உட்பட நிறைய ரைடுகளுக்கு 40 அங்குலம், ஸ்டார்டஸ்ட் ரேசர்ஸ் கோஸ்டருக்கு 48. டார்க் யுனிவர்ஸ் பூத பிசாசுகளின் உலகம் என்பதால் பயந்த சுபாவமுள்ள பிள்ளையை இருட்டிய பிறகு அங்கே கூட்டிப்போக வேண்டாம். எபிக்குக்கு ஒரு முழு நாள் வேண்டும், டிக்கெட் எடுக்கும்போது எபிக் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

சாப்பாட்டில் டிஸ்னிக்கு என் ஓட்டு, அதிலும் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு. டிஸ்னியில் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே எடுத்துப்போக விடுவார்கள், கண்ணாடிப் பாத்திரம் கூடாது. புளியோதரை டப்பாவோடு எத்தனையோ தடவை உள்ளே போயிருக்கிறோம். யுனிவர்சலில் தண்ணீரும் சின்ன நொறுக்குத் தீனியும்தான் அனுமதி, மூட்டை கட்டிய மதியச் சாப்பாடு கூடாது. டிஸ்னியின் அனிமல் கிங்டம் லாட்ஜில் சனா என்ற உணவகத்தில் குல்ச்சா, நான் ரொட்டி வகைகளோடு தொட்டுக்கொள்ள ஒன்பது வகை கொண்டுவந்து வைப்பார்கள், ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரை மேயும். யுனிவர்சலில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் சாண்ட் லேக் ரோட்டில் இந்திய உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன, யுனிவர்சலிலிருந்து கார் எடுத்தால் பக்கம்தான். யுனிவர்சலின் கபானா பே ஹோட்டலின் ஃபேமிலி சூட்டில் மைக்ரோவேவும் சின்ன சமையல் மேடையும் இருப்பதால் ராத்திரிக்கு ரசம் சாதம் சூடு செய்துகொள்ளலாம், அதுவே பெரிய நிம்மதி.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேஜிக் கிங்டமின் ஒரு நாள் டிக்கெட் 2025 கிறிஸ்துமஸ் சமயத்தில் வரி இல்லாமல் 199 டாலர் வரை போனது. இரண்டு இடத்திலும் மூன்று வயதுக்குக் கீழே இலவசம், ஒன்பது வயது வரை குழந்தை டிக்கெட். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்குக் கார் நிறுத்த இலவசம், யுனிவர்சல் ஹோட்டல்களில் ஒவ்வொரு இரவுக்கும் கட்ட வேண்டும். காரில் போகும் எங்களைப் போன்றவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது.

செப்டம்பர், அக்டோபரில் போவதாக இருந்தால் நாள்காட்டியைப் பாருங்கள். ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் நடக்கும் இரவுகளில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பார்க்கை சாயங்காலமே மற்றவர்களுக்கு மூடிவிடுவார்கள், சின்னப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியும் இல்லை அது. மேஜிக் கிங்டமும் மிக்கியின் ஹாலோவீன் பார்ட்டி நாட்களில் சீக்கிரம் மூடும். அன்றைக்கு வாணவேடிக்கை வேண்டும் என்றால் பார்ட்டி டிக்கெட் தனி.

முதல் தடவை மாறுகிறவர்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. முதல் இரண்டு இரவு கபானா பே மாதிரி விலை குறைந்த ஹோட்டலில் தங்கி எபிக்கை ஒரு நாள் முழுக்கப் பாருங்கள், இலவச எக்ஸ்பிரஸ் அங்கே எப்படியும் செல்லாது என்பதால் பெரிய ஹோட்டலுக்குக் கொட்டிக் கொடுக்கத் தேவையில்லை. மூன்றாம் நாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக ராயல் பசிபிக்குக்குப் போய், அறை தயாராக இல்லாவிட்டாலும் பெட்டிகளை பெல் டெஸ்கில் ஒப்படைத்து எக்ஸ்பிரஸ் பாஸை வாங்கிக்கொண்டு நேராகப் பார்க்குக்கு நடந்துவிடுங்கள். அன்று ஒரு பார்க், மறுநாள் அறையைக் காலி செய்த பிறகும் பாஸ் இரவு வரை செல்லும் என்பதால் இன்னொரு பார்க், நடுவில் ஹாக்வார்ட்ஸ் ரயில். ஊருக்குக் காரில் திரும்புவதாக இருந்தால் அன்று ராத்திரியே கிளம்ப வேண்டாம், வழியில் ஓகாலா பக்கம் ஒரு மலிவான மோட்டலில் படுத்துவிட்டுக் காலையில் போங்கள்.